கேள்வியில் இல்லாத நிபந்தனை

4-இன் வர்க்கமூலம் ஒரு விகிதமுறா எண் என்று நிறுவிக் காட்டுகிறேன், பாருங்கள்.

√4 விகிதமுறு எண் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் √4 = க/ச என எழுதலாம்; க, ச இரண்டும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத முழுக்கள். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க² = 4ச². ஆகவே க² என்பது 4 ஆல் வகுபடும். எனவே க-வும் 4 ஆல் வகுபடும். க = 4ம என்று எழுதினால் 16ம² = 4ச², அதாவது ச² = 4ம². எனவே ச-வும் 4 ஆல் வகுபடும். இரண்டுக்கும் 4 பொதுக் காரணி ஆகிவிட்டது. இது முதலில் சொன்னதற்கு முரண். ஆகவே √4 விகிதமுறா எண்.

இது பள்ளியில் √2-க்கு எழுதிய நிரூபணமேதான். 2 இருந்த இடங்களில் 4-ஐப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். வரிக்கு வரி அதே நடை, அதே 'எனவே'. விடை மட்டும் அபத்தம்.

கோளாறு ஒரே வரியில் இருக்கிறது: 'க² நான்கால் வகுபடும், எனவே க-வும் நான்கால் வகுபடும்.' க = 2 என்று போட்டாலே அது உடைந்துவிடும். √2-க்கான நிரூபணத்தில் இதே வரி செல்லுபடியானதற்குக் காரணம், 2 ஒரு பகா எண் என்பது. அந்தக் காரணத்தை நிரூபணத்தில் பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுதாததால் அது தேவைப்பட்டது என்பதே நினைவில் தங்குவதில்லை. பிறகு √12-ஐப் பற்றிக் கேட்டால், 'க² பன்னிரண்டால் வகுபடும், எனவே க பன்னிரண்டால் வகுபடும்' என்று போகிற போக்கில் எழுதிவிடுகிறோம். 6² = 36 பன்னிரண்டால் வகுபடுகிறது, 6 வகுபடவில்லை. ஆனால் √12 உண்மையிலேயே விகிதமுறா எண். முடிவு சரியாக இருப்பதால், விடையைப் பார்த்து இந்தத் தவறைப் பிடிக்கவே முடியாது. √4 போன்ற ஓர் அபத்தம் வந்தால் நல்லது; குட்டு வெளிப்பட்டுவிடும். சரியான முடிவுக்கு வந்து சேரும் தவறான நிரூபணம்தான் ஆபத்தானது.

√12-ஐ எப்படிச் சரியாக எழுதுவது? 12-இல் ஒற்றை முறை மட்டும் வரும் பகா எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 3. க² = 12ச² என்றால் க² மூன்றால் வகுபடும்; 3 பகா எண், ஆகவே க மூன்றால் வகுபடும். க = 3ம எனில் 9ம² = 12ச², அதாவது 3ம² = 4ச². வலப்புறம் மூன்றால் வகுபட வேண்டும். 3-க்கும் 4-க்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே ச² மூன்றால் வகுபடும், ச-வும் அப்படியே. முரண் கிடைத்துவிட்டது. இதே வழியில் √4-ஐ நிறுவ முயன்று பாருங்கள். 4-இல் ஒற்றை முறை வரும் பகா எண் கிடையாது. நிரூபணம் தொடங்கவே தொடங்காது. பொய்யான ஒன்றை நிறுவ முயலும்போது இப்படித் தானாக நின்றுவிடுவதுதான் நல்ல நிரூபணத்தின் லட்சணம்.

இனி இந்த இயலில் முழுக்கள் என்றால் மிகை எண்கள், குறை எண்கள், பூச்சியம் எல்லாம் அடங்கும். தனியாகச் சொன்னால் ஒழிய எதையும் விலக்கவில்லை.

பகா எண்ணா, சார்பகா எண்களா?

வகுபடும் தன்மைக் கணக்குகளில் நுழையும் பெரும்பாலான தவறுகள் ஒரு வாசல் வழியாகத்தான் வருகின்றன. யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' ஏழாம் நூலின் 30-ஆம் தேற்றம் இப்படிச் சொல்கிறது: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கற்பலனை வகுத்தால், அவற்றில் ஒன்றையாவது வகுத்தே தீரும். இதில் 'பகா' என்ற சொல்லைத் தூக்கிவிட்டால் தேற்றம் செத்துவிடுகிறது. 6 என்ற எண் 4 × 9 = 36-ஐ வகுக்கும்; 4-ஐயும் வகுக்காது, 9-ஐயும் வகுக்காது. ஆறுக்குள் இருக்கும் இரண்டு ஒரு பக்கம் வேலை செய்கிறது, மூன்று இன்னொரு பக்கம்.

பகா எண் இல்லாதபோது கைகொடுப்பது சார்பகா என்ற நிபந்தனை: க என்பது ச × ம-வை வகுத்து, க-வுக்கும் ச-வுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாவிட்டால், க என்பது ம-வை வகுக்கும். 'க என்பது ச-வை வகுக்கவில்லை' என்பது இதற்குப் போதாது. வகுக்காதிருப்பது வேறு, பொதுக் காரணியே இல்லாதிருப்பது வேறு. க பகா எண்ணாக இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். குழப்பம் பிறப்பது அங்கேதான்.

'4 ஆலும் வகுபடுகிறது, 6 ஆலும் வகுபடுகிறது, ஆகவே 24 ஆல் வகுபடும்' என்பதும் இதே கதை. 12-ஐப் பாருங்கள். கிடைப்பது மீச்சிறு பொது மடங்கு, அதாவது 12 மட்டுமே. 8, 3 என்று இருந்தால் 24 என்று தைரியமாகச் சொல்லலாம், அவை சார்பகா எண்கள் என்பதால். அந்தக் காரணத்தை விடைத்தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அரை மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை. எழுதும் பழக்கம் வந்தால்தான் இல்லாத இடத்தில் கை தானாக நிற்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்ப்போம். '3-ஐ விடப் பெரிய பகா எண் ப எனில், ப² − 1 என்பது 24 ஆல் வகுபடும்' என்பது போட்டித் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு. ப² − 1 = (ப − 1)(ப + 1). ப ஒற்றை எண் என்பதால் இவை அடுத்தடுத்த இரட்டை எண்கள். ஒன்று நான்கால் வகுபடும். பெருக்கற்பலன் எட்டால் வகுபடும். ப − 1, ப, ப + 1 என்ற மூன்றில் ஒன்று மூன்றால் வகுபடும், அது ப அல்ல. ஆகவே பெருக்கற்பலன் மூன்றாலும் வகுபடும். 8, 3 சார்பகா எண்கள்; ஆகவே 24.

இப்போது, ப பகா எண் என்பதை எங்கே பயன்படுத்தினோம்? இரண்டாலும் மூன்றாலும் வகுபடாது என்ற அளவுக்கு மட்டுமே. ஆகவே பகா எண் அல்லாத 25-க்கும் இது பொருந்தும்: 625 − 1 = 624 = 24 × 26. 35-க்கும் பொருந்தும்: 1224 = 24 × 51. கொடுத்த நிபந்தனை முழுவதும் செலவாகவில்லை என்றால் ஒன்று தேற்றம் நாம் நினைத்ததைவிடப் பெரியது, அல்லது நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்.

வர்க்கங்களுக்கு ஒரு குறுக்குவழி: வகுக்கும் எண்ணைப் பகா காரணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கையும் பாதியாக்கி, பின்னம் வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். ந² என்பது 72 = 2³ × 3² ஆல் வகுபட்டால், ந என்பது 2² × 3 = 12 ஆல் நிச்சயம் வகுபடும்; அதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது.

குறை எண்ணும் பூச்சியமும்

1/ய + 1/வ = 1/2 என்ற சமன்பாட்டை நிறைவு செய்யும் எல்லா முழுக்களையும் காண்க.

2யவ ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் (ய − 2)(வ − 2) = 4 என்று அழகாக வந்து நிற்கும். 4-ஐ 1 × 4, 2 × 2, 4 × 1 என்று பிரித்து (3, 6), (4, 4), (6, 3) என மூன்று விடைகளை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுபவர்கள் ஏராளம். கேள்வி 'முழுக்கள்' என்றது. நாம் மிகை முழுக்களை மட்டும் தேடினோம். (−1) × (−4), (−2) × (−2), (−4) × (−1) என்றும் பிரிக்கலாமே. அவை தரும் சோடிகள் (1, −2), (0, 0), (−2, 1). முதலாவதைச் சரிபார்த்தால் 1 − 1/2 = 1/2; சரி.

(0, 0)? பூச்சியத்தால் வகுக்க முடியாது. மூலச் சமன்பாட்டில் இதற்குப் பொருளே இல்லை. ஆனால் (ய − 2)(வ − 2) = 4-இல் இது ஒழுங்காகப் பொருந்துகிறது. 2யவ ஆல் பெருக்கியபோது ய, வ இரண்டும் பூச்சியமல்ல என்ற நிபந்தனை தொலைந்துபோனதுதான் காரணம். ஆக, விடைகள் ஐந்து. ஒரே கணக்கில் சொல்லப்படாத ஒரு நிபந்தனையால் இரண்டு விடைகளை இழந்தோம், சொல்லப்பட்ட ஒரு நிபந்தனையை மறந்ததால் ஒரு போலி விடையைப் பெற இருந்தோம். இதைவிடச் சிக்கனமான பயிற்சிக் கணக்கு எனக்குத் தெரியாது.

'மிகை' என்ற ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு இராமானுஜனின் 1729-ஐவிட நல்ல சான்று வேண்டாம். இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று எல்லோரும் சொல்கிறோம்: 1³ + 12³, 9³ + 10³. 'மிகை முழுக்களின் கனங்கள்' என்று சொல்லாவிட்டால் அந்தக் கூற்று தவறு. 91 = 3³ + 4³ = 6³ + (−5)³. வாய்ப்பேச்சில் இந்தச் சொல் விழுந்துவிடுவதில் குற்றமில்லை, விடைத்தாளில் விழக்கூடாது.

பூச்சியம் வேறு இடங்களிலும் வாலாட்டும். 'க என்பது ச-வை வகுத்தால் க-வின் மட்டு மதிப்பு ச-வினுடையதை மீறாது' என்பது ச பூச்சியமாக இல்லாதவரை சரி. பூச்சியத்தை 1000-மும் வகுக்கும். எல்லைகளைக் கொண்டு விடைகளைக் குறுக்கும் கணக்குகள் எல்லாம் இந்த வரியின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அந்த ஒரு நிலையைத் தனியே பிரித்து எழுதிவிடுவது நல்லது.

நிரல் எழுதுபவர்களுக்கு இங்கே ஓர் இடைச்செருகல். யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றப்படி −7-ஐ 3 ஆல் வகுத்தால் மீதி 2; ஏனெனில் −7 = 3 × (−3) + 2, மீதி குறை எண்ணாக இருக்கக்கூடாது. பைத்தான் மொழியில் −7 % 3 கேட்டால் 2 என்றே வரும். சி, ஜாவா மொழிகளில் −1 வரும். இதனால் 'ந % 2 == 1 என்றால் ஒற்றை எண்' என்ற சோதனை ஜாவாவில் −3-ஐ ஒற்றை எண் இல்லை என்று சொல்லிவிடும். மீதி பூச்சியமா இல்லையா என்று கேளுங்கள். ஒன்றா என்று கேட்காதீர்கள்.

தேர்வுத் தாளில் ஒரு சூத்திரம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது: இரு எண்களின் பெருக்கற்பலன் = மீ.பொ.வ. × மீ.பொ.ம. 'இரு' என்பதை அடிக்கோடிடுங்கள். 2, 4, 6 என்ற மூன்று எண்களின் பெருக்கற்பலன் 48, அவற்றின் மீ.பொ.வ. 2, மீ.பொ.ம. 12; பெருக்கினால் 24.

இரண்டு எண்கள் என்றாலும் இன்னொரு பொறி உண்டு. 'இரு எண்களின் மீ.பொ.வ. 8, மீ.பொ.ம. 180. ஓர் எண் 72 எனில் மற்றொன்று என்ன?' சூத்திரம் 8 × 180 ÷ 72 = 20 என்று முழுவிடை தருகிறது; கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் 20-உம் இருக்கும். ஆனால் 20 எட்டால் வகுபடாது. 72, 20 ஆகியவற்றின் உண்மையான மீ.பொ.வ. 4, மீ.பொ.ம. 360. மீ.பொ.வ. எப்போதும் மீ.பொ.ம.-வை வகுக்க வேண்டும். 8 என்பது 180-ஐ வகுப்பதில்லை. ஆகவே இப்படி இரு எண்களே கிடையாது. கேள்வி கேட்டவர் அப்படிப்பட்ட எண்கள் உண்டு என்று நினைத்துக்கொண்டார், சூத்திரம் அதைத் தடுக்கவில்லை. விடை கிடைத்தது என்பது விடை இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல.

உடைத்துப் பார்க்கும் ஐந்து எண்கள்

நிரூபணத்தில் 'எனவே' என்று எழுதும்போதெல்லாம் அந்த வரியைத் தனியாக வெட்டியெடுத்து, 0, 1, −1, 4, 6 ஆகியவற்றை அதில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பூச்சியம், சுருக்குவதையும் வகுப்பதையும் சோதிக்கும். −1 குறியைச் சோதிக்கும். 4, ஒரே பகா எண் இருமுறை வரும் நிலை. 6, இரு வேறு பகா எண்கள் சேரும் நிலை. இந்த இரண்டில் தப்பிய பொய்க் கூற்றுகள் அதிகமில்லை.

1-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ந மிகை முழு எனில் ந⁴ + 4 ஒருபோதும் பகா எண் ஆகாது' என்று நிறுவ, அதை (ந² + 2ந + 2)(ந² − 2ந + 2) என்று காரணிப்படுத்தி, 'இரு எண்களின் பெருக்கற்பலன், ஆகவே பகு எண்' என்று முடித்துவிடுவது வழக்கம். ந = 1 எனில் இரண்டாவது காரணி 1; எண் 5; அது பகா எண். காரணிப்படுத்துவது பாதி வேலைதான். இரண்டு காரணிகளும் 1-ஐவிடப் பெரியவை என்று காட்டுவது மீதிப் பாதி. இங்கே இரண்டாவது காரணி (ந − 1)² + 1. ந இரண்டோ அதற்கு மேலோ ஆனால் அது குறைந்தது 2. அந்த ஒரு வரி இருந்தால் நிரூபணமும் முழுமை, விதிவிலக்கும் கையோடு கிடைத்துவிடும்.

மட்டு எண்கணிதத்தில் சுருக்கும்போதும் இதே எச்சரிக்கை. 24, 6 இரண்டையும் 9 ஆல் வகுத்தால் மீதி 6. அதாவது 6 × 4 ≡ 6 × 1 (மட்டு 9). ஆறை இருபுறமும் அடித்துவிட்டால் 4 ≡ 1 (மட்டு 9) என்று வரும், பொய். 6-க்கும் 9-க்கும் பொதுக் காரணி 3 இருப்பதால், 9-ஐயும் மூன்றால் வகுத்து 4 ≡ 1 (மட்டு 3) என்று எழுத வேண்டும்.

'பொதுமை கெடாமல் க ≤ ச என்க' என்ற சொற்றொடரும் கவனிக்க வேண்டியது. க, ச இடம் மாறினாலும் கேள்வி மாறாது என்றால் மட்டுமே அதற்கு உரிமை உண்டு. 'க என்பது ச + 1-ஐயும், ச என்பது ம + 1-ஐயும், ம என்பது க + 1-ஐயும் வகுக்கும்' என்பது சுழன்று வரும் நிபந்தனை. இதில் க-வை மிகப் பெரியதாக எடுத்துக்கொள்ளலாம். க ≥ ச ≥ ம என்று மூன்றையும் வரிசைப்படுத்த முடியாது. ச, ம இடம் மாறினால் கேள்வியே வேறாகிவிடும்.

பாரிஸ், 1847

இவையெல்லாம் மாணவர்கள் செய்யும் தவறுகள் என்று நினைக்க வேண்டாம். 1847 மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக அறிவித்தார். இரு எண்களின் ப-ஆம் அடுக்குகளின் கூடுதலைச் சிக்கலெண்களைக் கொண்டு ப காரணிகளாகப் பிரிப்பது அவர் வழி. அக்காரணிகள் சார்பகா எண்கள். பெருக்கற்பலன் ஒரு ப-ஆம் அடுக்கு. ஆகவே ஒவ்வொரு காரணியும் ஒரு ப-ஆம் அடுக்கு என்று அவர் வாதம் போனது.

சாதாரண மிகை முழுக்களுக்கு இது சரி. பகா காரணிகளாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்ற அடிப்படை எண்ணியல் தேற்றம் அதற்குப் பின்னால் நிற்கிறது. லாமே நுழைந்த புதிய எண் அமைப்பில் அந்தத் தேற்றம் நிற்கிறதா? அதே கூட்டத்தில் ஜோசஃப் லியோவில் எழுந்து கேட்டது இதைத்தான். தேற்றம் நிற்காமல் போகலாம் என்பதற்கு எளிய சான்று வேறோர் அமைப்பில் உண்டு. க + ச√−5 வடிவ எண்களில் 6 = 2 × 3; 6 = (1 + √−5)(1 − √−5) என்பதும் சரி. இந்த நான்கில் எதையும் அங்கே மேலும் பிரிக்க முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு பகுப்புகள்.

மே 24 அன்று எர்ன்ஸ்ட் கும்மரின் கடிதம் கழகத்தில் வாசிக்கப்பட்டது. லாமே நம்பியிருந்த ஒற்றைப் பகுப்பு எல்லா அடுக்குகளுக்கும் நிற்காது என்று தாம் 1844-லேயே வெளியிட்டிருப்பதாகக் கும்மர் தெரிவித்திருந்தார். 23-ஆம் அடுக்குக்கான அமைப்பில்தான் அது முதன்முதலாக உடைகிறது. அதுவரை சிறிய பகா எண்களைப் போட்டுப் பார்த்தால் குறையே தெரியாது. உடைந்ததைச் சரிசெய்யக் கும்மர் உருவாக்கிய கருத்துதான் பிற்காலத்து இயற்கணித எண்ணியலின் வித்து. நமக்கு வேண்டியது லியோவில் கேட்ட கேள்வியின் இடம். கணக்கு நீளமாகவும் கடினமாகவும் இருந்த பகுதிகளை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வரியை அவர் பிடித்தார்.

பயிற்சி

கீழ்வருவனவற்றில் சில உண்மை, சில பொய். உண்மையை நிறுவுக, பொய்யை ஓர் எடுத்துக்காட்டால் உடைக்க. எல்லாவற்றையும் சந்தேகப்படப் பழகியவர்கள் உண்மையான கூற்றையும் பொய் என்று தள்ளிவிடுவதுண்டு. ஆகவே இரு பக்கமும் விழிப்பு வேண்டும். எழுத்துகள் அனைத்தும் மிகை முழுக்கள்.

க² என்பது ச²-ஐ வகுத்தால், க என்பது ச-வை வகுக்கும்.

க³ என்பது ச²-ஐ வகுத்தால், க என்பது ச-வை வகுக்கும்.

க² என்பது ச³-ஐ வகுத்தால், க என்பது ச-வை வகுக்கும். (8-ஐயும் 4-ஐயும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.)

முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் கிடைப்பது பகா எண். (13 வரை போய்ப் பாருங்கள்: 30031 = 59 × 509. பகா எண்கள் முடிவிலி என்ற யூக்ளிடின் நிரூபணத்துக்கு இந்தக் கூற்று தேவையா, இல்லையா என்றும் எழுதுக.)

2-இன் ந-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது பகா எண் எனில், ந பகா எண். மறுதலையும் உண்மையா? ந = 11-இல் தொடங்குங்கள்.

ந² + ந + 41 எப்போதும் பகா எண். ந-க்கு 39 வரை எல்லா மதிப்புகளையும் சோதித்தாயிற்று என்று ஒருவர் சொன்னால், அடுத்த மதிப்பைக் கணக்கிடாமலேயே, காரணிப்படுத்தி மட்டும், அவருக்கு விடை சொல்லுங்கள்.